சக்கர் பஞ்ச்: அசந்த நேரத்தில் விழும் அடிக்கு எத்தனை பெயர்கள்

கேள்வி இதுதான்: “ஆங்கிலச் செய்திகளிலும் தொடர்களிலும் ‘சக்கர் பஞ்ச்’ (sucker punch) என்ற சொல் அடிக்கடி வருகிறது. அகராதியில் ‘எதிர்பாராத அடி’ என்று போட்டிருக்கிறது. இதே பொருளில் ஆங்கிலத்தில் வேறு என்னென்ன சொற்கள் உண்டு? தமிழில் எப்படிச் சொல்வது? அலுவலக மின்னஞ்சலில் எழுதலாமா?”

ஆங்கிலச் செய்திகளைத் தமிழில் எழுதும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். இந்தச் சொல் எனக்கு ஒரு பாடமே நடத்தியிருக்கிறது. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெளிநாட்டுச் செய்தி ஒன்று வந்தது. ஒரு தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். வாசலில் நின்ற தொழிலாளி ஒருவர் நிருபரிடம், “இது சக்கர் பஞ்ச்” என்று சொல்லியிருந்தார். நான் “இது எதிர்பாராத அடி என்று அவர் கூறினார்” என்று எழுதிக் கொடுத்தேன். நாங்கள் எல்லோரும் அண்ணன் என்று கூப்பிடும் மூத்த உதவி ஆசிரியர் அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். “தம்பி, அந்த ஆள் ஏன் எதிர்பார்க்கல? மேல ரெண்டு பத்தி படிச்சியா?” என்று கேட்டார். படித்துத்தான் இருந்தேன், ஆனால் சேர்த்து யோசிக்கவில்லை. முந்தின வாரம்தான் நிர்வாகம் எல்லோரையும் கூட்டி வைத்து, யாருடைய வேலைக்கும் ஆபத்தில்லை, நிம்மதியாக இருங்கள் என்று சொல்லியிருந்தது. அண்ணன் என் வரியை அடித்துவிட்டு மேலே எழுதினார்: “நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டார்கள்.” கழுத்தும் இல்லை, கத்தியும் இல்லை. ஆனாலும் அந்தத் தொழிலாளி சொன்னது அதைத்தான்.

சக்கர் பஞ்சின் உயிர் அங்கேதான் இருக்கிறது. வெறுமனே திடீரென்று விழும் அடிக்கு அந்தப் பெயர் கிடையாது. அடி வாங்குகிறவர் தற்காப்பைத் தளர்த்தியிருக்க வேண்டும். பெரும்பாலும் அப்படித் தளர்த்துவதற்கு அவருக்கு ஒரு நியாயமான காரணமும் இருந்திருக்க வேண்டும்: பேசிக்கொண்டிருந்தார், திரும்பி நின்றார், சண்டை முடிந்துவிட்டது என்று நினைத்தார், கை குலுக்க நீட்டினார். அந்தக் கணத்தைப் பார்த்து அடிப்பதுதான் சக்கர் பஞ்ச்.

சரி, அந்த ‘சக்கர்’ யார்? ஆங்கிலத்தில் ‘சக்’ என்றால் உறிஞ்சுவது, சப்புவது. ‘சக்கர்’ என்றால் முதலில் இன்னும் பால்குடி மறக்காத குட்டி. வாழையின் அடியில் முளைக்கும் பக்கக்கன்றுக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான், தாய்மரத்தை அண்டி வளர்வதால். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கப் பேச்சு வழக்கில் இந்தச் சொல் ‘எளிதில் ஏமாறுகிறவன்’ என்ற பொருளுக்கு வந்துவிட்டது. நம் ஊரில் ஏமாளியைப் பார்த்து “வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவன்” என்கிறோமே, அதே குழந்தை, அதே வாய். ஒற்றைச் சொல்லாக வேண்டுமென்றால் இளிச்சவாயன். ஆக சக்கர் பஞ்சைச் சொல்லுக்குச் சொல் வைத்தால் ‘இளிச்சவாயன் வாங்கும் குத்து’.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. குற்றம் செய்தவன் அடித்தவன். ஆனால் சொல்லுக்குள் உட்கார்ந்திருக்கும் வசவு அடி வாங்கியவன் மேல் விழுகிறது. இன்றைக்கு ஆங்கிலம் பேசுகிறவர்கள் அதை உணர்ந்து சொல்வதில்லை. அவர்கள் காதில் அது அடித்தவனைக் குறைகூறும் சொல்தான். ஆனாலும் பெயருக்குள் யாரை வைக்கிறோம் என்பது சின்ன விஷயமில்லை. ஆஸ்திரேலியா அதைப் பட்டுத் தெரிந்துகொண்டது.

அங்கே இந்த அடிக்கு வெகுநாளாக ‘கிங் ஹிட்’ என்று பெயர். ராஜ அடி. ஒரே அடியில் ஆளைச் சாய்ப்பது என்ற பெருமை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. 2012 ஜூலையில் சிட்னியின் கிங்ஸ் கிராஸ் பகுதியில் 18 வயது இளைஞர் ஒருவர் முன்பின் தெரியாத ஒருவனிடம் ஒரே குத்து வாங்கி விழுந்தார், இறந்துபோனார். 2013-ஆம் ஆண்டின் கடைசி இரவில், அதே பகுதியில், அதே வயதில் இன்னொருவர் அடிபட்டு, சில நாட்களில் மருத்துவமனையில் இறந்தார். இரண்டாவது இளைஞரின் குடும்பம் அந்தத் துக்கத்துக்கு நடுவே ஒரு வேண்டுகோள் வைத்தது: தயவுசெய்து இதை ராஜ அடி என்று சொல்லாதீர்கள், கோழை அடி என்று சொல்லுங்கள். ‘கவர்ட் பஞ்ச்’ என்ற பெயர் செய்தித்தாள்களுக்கும் அரசியல்வாதிகளின் பேச்சுக்கும் வந்தது. உலகச் சாம்பியனாக இருந்த குத்துச்சண்டை வீரர் டேனி கிரீன் அதே பெயரில் பிரசாரமே நடத்தினார். குத்துவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் இதைக் கோழைத்தனம் என்று சொன்னபோது அதற்குத் தனி எடை இருந்தது.

சட்டமும் மாறியது. மேற்கு ஆஸ்திரேலியா 2008-லேயே ஒரே அடியில் நேரும் மரணத்துக்கென்று தனிப் பிரிவு கொண்டுவந்திருந்தது. சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2014 ஜனவரியில் கொண்டுவந்த சட்டத்தில், போதையில் இப்படி அடித்து உயிர் போனால் குறைந்தது 8 ஆண்டு, அதிகபட்சம் 25 ஆண்டு சிறை. ஒரு குத்துக்கு மூன்று பெயர்: ஒன்று அடி வாங்கியவனை ஏமாளி என்கிறது, ஒன்று அடித்தவனை ராஜா என்கிறது, மூன்றாவதுதான் அடித்தவனைக் கோழை என்கிறது. மொழிபெயர்க்கும்போது எந்தப் பெயரை எடுக்கிறோம் என்று நான் இப்போது ஒரு நிமிடம் நின்று பார்க்கிறேன்.

ஒரே குத்தில் உயிர் போகுமா என்று கேட்பவர்கள் உண்டு. போகும். அடி வரப்போகிறது என்று தெரிந்தால் உடம்பு தானாகவே தயாராகிறது. கழுத்துத் தசை இறுகும், தாடை கிட்டித்துக்கொள்ளும், கை மேலே வரும், வயிறு கெட்டியாகும். தெரியாமல் விழும் அடியில் இது எதுவும் நடப்பதில்லை. தளர்ந்த கழுத்தில் தலை வெடுக்கென்று திரும்புகிறது, உள்ளே மூளை குலுங்குகிறது, நினைவு தப்புகிறது. நினைவு தப்பியவரால் விழும்போது கையை ஊன்ற முடியாது. மரம் சாய்வது போல அப்படியே சாய்வார். பல சம்பவங்களில் உயிரை எடுத்தது அந்தக் குத்தே இல்லை, பின்னந்தலை போய் மோதிய நடைபாதைதான்.

வயிற்றில் விழும் அடிக்கும் இதே கதைதான். மாயவித்தைக்காரர் ஹூடினியை எல்லோருக்கும் தெரியும். வயிற்றில் எவ்வளவு பலமாகக் குத்தினாலும் தாங்குவார் என்று அவருக்குப் பேர் இருந்தது. 1926 அக்டோபரில் மான்ட்ரியல் நகரத்து அரங்கம் ஒன்றின் ஒப்பனை அறையில், உடைந்த கணுக்காலோடு சோபாவில் சாய்ந்திருந்தார். பார்க்க வந்த மாணவர் ஒருவர் அவரைப் படம் வரைந்துகொண்டிருந்தார். அப்போது உள்ளே வந்த இன்னொரு மாணவர், நீங்கள் வயிற்றில் குத்துத் தாங்குவீர்களாமே என்று கேட்டுவிட்டு, அவர் எழுந்து வயிற்றை இறுக்கிக்கொள்வதற்குள் அடுத்தடுத்துக் குத்திவிட்டார். ஹூடினி போதும் என்று கையசைத்தார். இரண்டு நாள் கழித்துக் கடும் காய்ச்சலோடு டெட்ராய்ட்டில் மேடையேறினார். அக்டோபர் 31 அன்று, குடல்வால் வெடித்துப் பரவிய தொற்றில் இறந்தார். வயது 52. குடல்வால் வெடித்தது அந்தக் குத்தினாலா, முன்பே இருந்த அழற்சியா என்று மருத்துவர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். ஆனால் அந்த அறையில் நடந்தது சக்கர் பஞ்ச்சுக்கு மிகப் பொருத்தமான காட்சி: தாங்கத் தெரிந்த உடம்புதான், தயாராக ஒரு நொடி கிடைக்கவில்லை.

விதிக்குள் நின்று அடித்தாலும் இந்தப் பெயர் வருமா? வரும், ஆனால் சண்டை மூளும். 2011 செப்டம்பர் 17, லாஸ் வேகஸ். குத்துச்சண்டை வீரர்கள் ஃபிளாய்ட் மேவெதரும் விக்டர் ஓர்ட்டிசும் மோதினார்கள். நான்காவது சுற்றில் ஓர்ட்டிஸ் தலையால் முட்டிவிட்டார். நடுவர் ஜோ கோர்ட்டெஸ் ஆட்டத்தை நிறுத்தி ஒரு புள்ளி கழித்தார். ஓர்ட்டிஸ் மன்னிப்புக் கேட்கிற மாதிரி போய்க் கட்டிப்பிடித்தார். ஆட்டம் மறுபடி தொடங்கியது. ஓர்ட்டிஸ் கையைத் தொங்கவிட்டபடி இன்னும் அந்தச் சமாதானத்திலேயே நின்றார், நடுவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மேவெதர் இடது கையால் ஒரு ஹூக், அதாவது கையை வளைத்துப் பக்கவாட்டில் வீசும் குத்து, விட்டார், பின்னாலேயே வலது கை. ஓர்ட்டிஸ் எழவில்லை. எல்லா நேரமும் உன்னை நீயே காத்துக்கொள் என்பது குத்துச்சண்டையின் அடிப்படை விதி, ஆகவே மேவெதர் செய்தது செல்லும். பார்த்தவர்களில் பாதிப் பேர் ‘சக்கர் பஞ்ச்’ என்றார்கள், மீதிப் பேர் ‘விதிப்படி சரி’ என்றார்கள். என் கருத்தைக் கேட்டால், இரண்டுமே உண்மை. இந்தச் சொல் சட்டத்தைப் பற்றிப் பேசுவதில்லை, மரியாதையைப் பற்றிப் பேசுகிறது.

பிரிட்டன்காரர்கள் கால்பந்து வர்ணனையில் இதை வேறு விதமாகப் பயன்படுத்துகிறார்கள். ஒரு அணி விடாமல் தாக்கிக்கொண்டே இருக்கும், கோல் விழும் விழும் என்று தோன்றும். திடீரென்று பந்து எதிரணியிடம் போய், இந்தப் பக்கம் கோல் விழுந்துவிடும். அது சக்கர் பஞ்ச். 2018 உலகக் கோப்பையில் ரஷ்யாவின் ரோஸ்தோவ் நகரில் பெல்ஜியமும் ஜப்பானும் ஆடிய ஆட்டம் எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஜப்பான் 2–0 என்று முன்னால் போய், பிறகு 2–2. காயத்துக்காகக் கூட்டிய நேரத்தின் கடைசி நிமிடத்தில் ஜப்பானுக்குக் கார்னர். வெற்றிக் கோலுக்காக ஆட்களை முன்னால் அனுப்பினார்கள். பெல்ஜியத்தின் கோல்கீப்பர் கூர்த்துவா பந்தைப் பிடித்து உடனே டி ப்ருய்னவுக்கு உருட்டினார். அவர் ஆளில்லாத மைதானத்தில் ஓடி மூனியேவிடம் கொடுத்தார். மூனியே குறுக்கே அடித்த பந்தை லுக்காக்கு தொடாமல் காலுக்கிடையில் விட்டார், சாட்லி வலைக்குள் தள்ளினார். எல்லாம் ஏறக்குறைய பத்து விநாடி. இங்கே வஞ்சகம் எதுவும் கிடையாது. தாக்கப் போனவனின் தற்காப்பு திறந்து கிடந்தது, அவ்வளவுதான். அதனால் விளையாட்டுச் செய்தியில் இந்தச் சொல் வந்தால் ‘கழுத்தறுப்பு’ என்று எழுதிவிடாதீர்கள். ‘அசந்த நேரத்தில் அடித்த கோல்’ என்றால் போதும்.

இனி மற்றச் சொற்கள். இவை எல்லாவற்றையும் அகராதி ஒரே வரியில் அடுக்கிவிடும். ஆனால் ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைக்க முடியாது. யார் அடித்தது, வேண்டுமென்றே அடித்ததா என்று கேட்டாலே பாதி பிரிந்துவிடும்.

அடித்தவர் யாருமே இல்லையென்றால் ‘போல்ட் ஃப்ரம் த ப்ளூ’. நீல வானத்திலிருந்து விழுந்த மின்னல். உண்மையிலேயே அப்படி ஒன்று உண்டு. இடிமேகம் 15 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும், தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும், மின்னல் பக்கவாட்டில் நெடுந்தூரம் ஓடி இங்கே வந்து இறங்கும். தமிழில் “தலையில் இடி விழுந்த மாதிரி” என்பது இதற்கு அப்படியே பொருந்துகிறது. நல்ல செய்திக்கும் ஆங்கிலத்தில் இதைச் சொல்வார்கள், நாம் சொல்ல மாட்டோம். ‘பாம்ஷெல்’ என்பதும் கிட்டத்தட்ட இதுதான், ஆனால் யாராவது ஒருவர் வாய்திறந்து சொல்லும் செய்திக்கு மட்டும். “குண்டைத் தூக்கிப் போட்டான்” என்று நாமும் சொல்கிறோம்.

‘பிளைண்ட்சைடு’ பார்வை படாத பக்கத்திலிருந்து வருவது. கெட்ட எண்ணம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதுதான் புகார். ‘லோ ப்ளோ’ இதற்கு நேர்மாறு. எதிர்பார்த்தே இருக்கலாம், ஆனால் முறைகெட்ட அடி. இங்கிலாந்தில் ஜாக் ப்ராட்டன் 1743-இல் வகுத்த குத்துச்சண்டை விதிகளிலேயே இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது, விழுந்தவனை அடிக்கக் கூடாது என்று இருக்கிறது. அந்த இடுப்புக் கணக்கிலிருந்து வந்த சொல். வாக்குவாதத்தில் ஒருவருடைய குடும்பத்தையோ உடல் குறையையோ இழுத்தால் அது லோ ப்ளோ. ‘ராபிட் பஞ்ச்’ பிடரியில் விழும் அடி, வேட்டைக்காரர்கள் முயலைக் கொல்லும் முறையிலிருந்து வந்தது. குத்துச்சண்டையில் தடை. பேச்சு வழக்கில் இதை உருவகமாக அதிகம் கேட்க முடியாது.

‘பாடி ப்ளோ’ பெரும் பின்னடைவு, ஒரு திட்டத்துக்கோ கட்சிக்கோ விழும் பலத்த அடி. செய்தித் தமிழில் ‘பேரிடி’. ‘கர்வ்பால்’ அமெரிக்க பேஸ்பாலில் வளைந்து வரும் பந்து. நேர்காணலில் எதிர்பாராத பக்கத்திலிருந்து வரும் கேள்விக்கு அதைச் சொல்வார்கள். நாம் கிரிக்கெட் ஊர்க்காரர்கள், “கூக்ளி போட்டுட்டார்” என்றாலே புரிந்துவிடும். ஒரு பக்கம் திரும்பும் என்று கையைப் பார்த்து நினைப்போம், பந்து மறுபக்கம் திரும்பும். இங்கிலாந்தின் பந்துவீச்சாளர் போசன்கெட் 1900-வாக்கில் முதல்தர ஆட்டத்துக்குக் கொண்டுவந்த வித்தை அது.

‘கட் பஞ்ச்’ (gut punch) என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அடிவயிற்றில் விழும் குத்து. மரணச் செய்தி, தோல்விச் செய்தி, ஒரு படத்தின் கடைசிக் காட்சி என்று எதற்கும் வரும். இங்கே துரோகம் முக்கியமில்லை, வலிதான் முக்கியம். மூச்சு அடைத்து, பேச்சு வராமல் நிற்கும் அந்த நிலை. தமிழில் இதற்குப் பக்கத்தில் வரும் ஓர் அருமையான சொல் இருக்கிறது: ஊமைக்குத்து. வெளியே ரத்தம் வராது, வீக்கம் தெரியாது, உள்ளே மட்டும் நாள் கணக்கில் நோகும். உறவுக்குள் யாரோ சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு வார்த்தைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எந்த மொழியிலும் எனக்குத் தட்டுப்படவில்லை. எழுத்தில் இதை நாம் குறைவாகவே பயன்படுத்துகிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

அப்படியானால் சக்கர் பஞ்ச்சுக்குத் தமிழில் எது? இடத்தைப் பொறுத்து மாறும். தெருவில் நிஜமாகவே விழுந்த அடி என்றால் “அசந்த நேரம் பார்த்து அடித்துவிட்டான்” என்று எழுதுங்கள். அந்த ‘பார்த்து’ முக்கியம், அடித்தவனின் எண்ணம் அதில்தான் இருக்கிறது. நம்பியவர் செய்த துரோகம் என்றால் ‘முதுகில் குத்து’, ‘நம்ப வைத்துக் கழுத்தறுப்பு’. பக்கபலமாக இருப்பதாகச் சொன்னவர் கடைசி நேரத்தில் கைவிட்டால் “காலை வாரிவிட்டார்”. அலுவலகப் பேச்சில் “ஆப்பு வச்சுட்டாங்க” என்பதுதான் இன்றைக்கு மிக நெருங்கிய வழக்கு. சிரித்துப் பேசியபடியே பின்னால் செய்த வேலை என்ற பொருள் அதில் தானாக வந்துவிடுகிறது. ‘நெத்தியடி’யை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அது நேருக்கு நேர் நின்று கொடுப்பது, பாராட்டாகச் சொல்வது. சக்கர் பஞ்ச்சை நெத்தியடி என்று மொழிபெயர்த்த இரண்டு மூன்று இடங்களைப் பார்த்திருக்கிறேன், பொருள் தலைகீழாகப் போய்விட்டது.

இந்த வேறுபாடு நமக்குப் புதிதும் இல்லை. வாலி அடிபட்டு விழுந்து கிடந்து ராமனைக் கேட்ட கேள்விகளை எத்தனை பட்டிமன்றங்களில் வாதாடியிருக்கிறோம். அம்பின் வலிமை பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை. நான் இன்னொருவனோடு போரிட்டுக்கொண்டிருந்தபோது மறைந்து நின்று ஏன் எய்தாய் என்பதுதான் வழக்கு.

நோயைப் பற்றியும் ஆங்கிலத்தில் இதைச் சொல்கிறார்கள். நன்றாக இருந்தவருக்கு ஒரு பரிசோதனை முடிவு வருகிறது, அதை சக்கர் பஞ்ச் என்கிறார். அடித்தவர் யாருமில்லை. அப்போது வாழ்க்கையையே வஞ்சகனாக்கித்தான் அந்தச் சொல்லைப் பேசுகிறார். நம் வீட்டுப் பாட்டிகள் “ஆண்டவன் இப்படி வஞ்சம் பண்ணிட்டானே” என்று அழுவது அதே மூச்சுதான். அந்த இடத்தில் ‘எதிர்பாராத அதிர்ச்சி’ என்று மொழிபெயர்த்தால் அழுகையைத் துடைத்து எடுத்துவிட்ட மாதிரி ஆகிவிடும்.

இலக்கணம் சுலபம். பெயராகவும் வினையாகவும் வரும். பெயராக வந்தால் அதோடு சேர்ந்து ‘த்ரோ’, ‘லேண்ட்’ போன்ற வினைகள் நிற்கும். உணர்ச்சிக்கு ‘இட் ஃபெல்ட் லைக் எ சக்கர் பஞ்ச்’. வினையாக வரும்போது பெரும்பாலும் செயப்பாட்டில், ‘ஹி வாஸ் சக்கர்-பஞ்ச்டு’. ஆபாசச் சொல் இல்லை, ஆனால் பேச்சு நடை. ‘சக்கர்’ என்று தனியாக ஒருவரைப் பார்த்துச் சொன்னால் அது வசவு, ஜாக்கிரதை. ஆறுதல் கடிதத்தில் வேண்டவே வேண்டாம்.

கடைசியாக, அலுவலக மின்னஞ்சல். எழுதாதீர்கள். அந்தச் சொல்லை எழுதிய உடனே, எதிரில் இருப்பவர் திட்டம் போட்டு உங்களை ஏமாற்றினார் என்று குற்றம் சாட்டிவிட்டீர்கள். உங்களிடம் சொல்லாமல் உங்களை வேறு குழுவுக்கு மாற்றிவிட்டார்கள் என்று வையுங்கள். மேலாளருக்கு எழுதும்போது, இந்த முடிவு எனக்கு முன்கூட்டித் தெரிவிக்கப்படவில்லை, கேட்டு ஆச்சரியப்பட்டேன், பேச நேரம் தாருங்கள் என்ற அளவில் நிறுத்துங்கள். கொஞ்சம் அழுத்தம் வேண்டுமென்றால் ‘பிளைண்ட்சைடட்’ வரை போகலாம், அலுவலக ஆங்கிலத்தில் அது புழங்குகிற சொல்தான். சக்கர் பஞ்ச்சை மாலையில் தேநீர்க் கடையில் நண்பரிடம் சொல்லிக்கொள்ளுங்கள். அவர் தமிழராக இருந்தால் ஆப்பு என்றே சொல்லிவிடலாம்.